பருவமழை 'விலகியது' என்ற பிறகும் மழை ஏன் பெய்கிறது? மலையோர எல்லையில் ஒரு சொல்லின் பொருள்

ஆண்டுதோறும் அக்டோபர் மாத நடுவில், ஒரே செய்தி இரண்டு மொழிகளில் கேரள எல்லையோரத் தமிழர்களின் வீடுகளுக்கு வந்து சேர்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை ஒட்டி, "தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலிருந்தும் விலகியது" என்று தமிழ் நாளிதழ்கள் எழுதுகின்றன. மலையாளத் தொலைக்காட்சிகளின் அடிவரியில் "காலவர்ஷம் பின்வாங்ஙி" என்று ஓடுகிறது. அன்று மாலையோ மறுநாள் மாலையோ கொழிஞ்சாம்பாறையிலும் செங்கோட்டையிலும் மார்த்தாண்டத்திலும் இடி முழங்கி மழை கொட்டுவதும் பெரும்பாலான ஆண்டுகளில் நடப்பதுதான். மழை விலகியது என்று காலையில் படித்தவர், மாலையில் நனைந்துகொண்டே வீடு திரும்பும்போது, வானிலைத் துறை தவறிவிட்டது என்றே முடிவு செய்கிறார்.

தவறு கணிப்பில் இல்லை. 'விலகியது' என்ற வினைச்சொல்லுக்கு வானிலைத் துறை கொடுக்கும் பொருள் ஒன்று, வாசகர் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறொன்று. அந்த இடைவெளி சொல் ஆராய்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. விதைப்பு, மின்னல் எச்சரிக்கை, அணை நீர்மட்டம் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. மலையின் இரு பக்கமும் நிலமும் வேலையும் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படும் விளக்கம்.

எழுவாயில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் 'மான்சூன்' என்று வழங்கும் சொல், பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபிக்கடலில் பாய்மரக் கப்பல் ஓட்டியவர்களுக்கு அது முதலில் காற்றின் பெயர். ஆண்டின் ஒரு பாதியில் ஒரு திசையிலிருந்தும் மறு பாதியில் எதிர்த்திசையிலிருந்தும் வீசும் காற்று. மழை அந்தக் காற்றின் விளைவுகளில் ஒன்று மட்டுமே.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பள்ளிப் புவியியல் 'பருவக்காற்று' என்கிறது. நாளிதழும் அரசு அறிக்கையும் 'பருவமழை' என்கின்றன. உழவரின் அக்கறை மழையில் இருப்பதால் இரண்டாவது சொல் மக்களிடம் நிலைத்ததில் வியப்பில்லை. ஆனால் "பருவக்காற்று விலகியது" என்று எழுதியிருந்தால் எழாத குழப்பம், "பருவமழை விலகியது" என்று எழுதும்போது எழுந்துவிடுகிறது. விலகியது காற்று, வாக்கியத்தின் எழுவாயாக நிற்பது மழை. மலையாளத்தின் 'காலவர்ஷம்' என்ற சொல்லிலும் வர்ஷம், அதாவது மழைதான் இருக்கிறது. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தெலுங்குச் செய்தி கேட்கும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. தெலுங்கில் 'ருதுபவனாலு' என்பதற்குப் பருவக்காற்றுகள் என்றே பொருள். பவனம் என்றால் காற்று.

விலகல், பின்வாங்கல், பின்னடைவு, திரும்பப் பெறுதல்

செய்திகளில் இந்த நான்கு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகின்றன. அவற்றின் பொருள் ஒன்றல்ல.

1. திரும்பப் பெறுதல். பேச்சு வழக்கில் 'வாபஸ்'. வேட்புமனு, வழக்கு, அரசாணை, போராட்டம் ஆகியவற்றுக்கு உரியது. ஒருவர் முன்பு கொடுத்ததையோ அறிவித்ததையோ தாமே எடுத்துக்கொள்வது. இதற்கு ஒரு கர்த்தா கட்டாயம் வேண்டும். மலையாளத்தில் இதற்குப் 'பின்வலிக்குக' என்ற தனி வினை இருக்கிறது. வேட்புமனுவை எடுத்துக்கொண்டால் 'பத்ரிக பின்வலிச்சு' என்பார்கள். காற்றைத் திரும்பப் பெறுவதற்கு ஆள் இல்லை என்பதால் இந்தச் சொல் வானிலைக்குப் பொருந்தாது.

2. பின்வாங்கல். தமிழில் 'வாங்குதல்' என்பதற்கு இன்று பெறுதல் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. வளைதல், இழுத்தல் என்ற பழைய பொருள்களும் அதற்கு உண்டு. வில்லை வாங்குதல் என்றால் வில்லை வளைத்து நாணை இழுத்தல். "கடல் உள்வாங்கியது" என்று குமரிக் கடற்கரைச் செய்திகளில் வருவது அந்தப் பழைய பொருளின் எச்சமே. ஆகவே பின்வாங்கல் என்பது முன்னே நீண்டிருந்த ஒன்று பின்னோக்கி இழுபடுவது. படை பின்வாங்கியது, பேச்சிலிருந்து பின்வாங்கினார் என்று எழுதிப் பழகியதால், அதில் தோல்வி அல்லது தயக்கத்தின் சாயலும் ஏறிவிட்டது.

3. பின்னடைவு. இன்றைய வழக்கில் இது முழுக்க முழுக்கத் தோல்விக்கு அருகில் நிற்கும் சொல். தேர்தலில் பின்னடைவு, உடல்நிலையில் பின்னடைவு என்கிறோம். வகுப்பறையில் 'பின்னடையும் பருவக்காற்று' என்று படித்த மாணவருக்கு, அது வலுவிழந்து தேய்ந்துபோகும் மழைக்காலம் என்ற எண்ணம் பதிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மழைக்காலத்துக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது வருத்தத்துக்கு உரியது.

4. விலகல். திரை விலகியது, பனி விலகியது, பதவி விலகினார். போனவர் தோற்றார் என்றோ வந்த வழியே திரும்பினார் என்றோ இந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. ஓர் இடத்தை விட்டு அகன்றது, அந்த இடம் இன்னொன்றுக்குத் திறந்தது என்பது மட்டுமே அதன் பொருள். சென்னை வானிலை மையத்தின் தமிழ் அறிக்கைகள் இந்த வினையைப் பயன்படுத்துவது சரியான தேர்வு. எழுவாயும் காற்றாக இருந்துவிட்டால் குறை இராது.

வரைபடத்தில் பின்னோக்கிச் செல்வது எது?

கோடையில் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் கடுமையாக வெப்பமடைந்து, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே மஸ்கரீன் தீவுகளின் பக்கம் உயர் அழுத்தம் நிலவுகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும், புவிச்சுழற்சியின் விளைவால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குக் காற்றாக அரபிக்கடல் வழியே மேற்குத் தொடர்ச்சி மலையை வந்து முட்டுகிறது. இதன் தொடக்கம் கேரளத்தில் இயல்பாக ஜூன் 1. நாடு முழுவதும் பரவும் இயல்பான நாள் ஜூலை 8.

செப்டம்பரில் சூரியன் தெற்கு நோக்கி நகர நகர, வடமேற்கு நிலப்பரப்பு குளிர்கிறது. தாழ்வழுத்தம் இருந்த இடத்தில் உயர் அழுத்தம் அமர்கிறது, வறண்ட காற்று கீழிறங்குகிறது, வானம் வெளுக்கிறது. ஈரக்காற்று நிலவும் பகுதிக்கும் வறண்ட காற்று நிலவும் பகுதிக்கும் இடையே வானிலையாளர்கள் வரைபடத்தில் ஒரு கோடு வரைகிறார்கள். அந்தக் கோடு மேற்கு ராஜஸ்தானில் தொடங்கித் தென்கிழக்காக நாளுக்கு நாள் நகர்ந்து வருகிறது. இயல்பான கணக்கில் இது செப்டம்பர் 17-இல் தொடங்கி அக்டோபர் 15-இல் முடிகிறது. 2020-க்கு முன்பு தொடக்கத்துக்கான இயல்பு நாள் செப்டம்பர் 1 என்று இருந்தது. 1971 முதல் 2019 வரையிலான பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, விலகல் அதற்கு வெகுவாகப் பிந்தியே தொடங்குவது தெரிந்ததால் நாள் மாற்றப்பட்டது.

பின்வாங்குவது இந்தக் கோடுதான். ஜூனில் கேரளத்திலிருந்து வடமேற்காக முன்னேறிய எல்லை, செப்டம்பரில் ஏறக்குறைய வந்த வழியே பின்னோக்கி வருவதால் அந்தப் பெயர் ஏற்பட்டது. காற்றுக்கு அதே பெயரைச் சூட்டும்போதுதான் தவறான படம் பதிகிறது. தென்மேற்கிலிருந்து போன அதே காற்று இமயமலையில் மோதித் திரும்பி, வடகிழக்குக் காற்றாக வந்து மிச்ச மழையைப் பொழிகிறது என்று நம்புவோர் பலர் உண்டு. அப்படி நடப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று தனியான காற்று; வட நிலப்பரப்பின் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து புறப்பட்டு, வங்காள விரிகுடாவின் நீர்ப்பரப்பைக் கடக்கும்போது தன் ஈரத்தைத் தானே புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. அதே பருவத்தில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகளும் புயல்களும் அந்த ஈரத்தைத் திரட்டிக் கரைக்குக் கொண்டுவருகின்றன.

கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்ற பொருளும் உண்டு. கிழக்குக் காற்று மழை கொண்டுவரும் என்ற பட்டறிவு அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. கொண்டலுக்குக் கோடையின் வாலாக ஒரு பெயர் வைக்க நம் முன்னோருக்குத் தேவை ஏற்படவில்லை.

'விலகியது' என்று அறிவிப்பதற்கு என்ன நிபந்தனைகள்?

வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய மையமான செய்தி இந்தப் பகுதியில் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வடக்கே ஓர் அளவுகோலையும் தெற்கே வேறோர் அளவுகோலையும் வைத்திருக்கிறது.

வடமேற்கு இந்தியாவில் விலகலைத் தொடங்கி வைக்க, செப்டம்பர் 1-க்குப் பிறகு மூன்று நிபந்தனைகள் பார்க்கப்படுகின்றன:

1. அந்தப் பகுதியில் தொடர்ந்து 5 நாள்கள் மழை இல்லாதிருக்க வேண்டும்.

2. தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரையிலான கீழ் வளிமண்டலத்தில் எதிர்ச்சூறாவளிச் சுழற்சி, அதாவது உயர் அழுத்த மையத்தைச் சுற்றிக் காற்று வெளிநோக்கிச் சுழலும் அமைப்பு, நிலைபெற வேண்டும்.

3. செயற்கைக்கோள் படங்களும், பலூனில் கட்டி அனுப்பும் கருவிகளின் அளவீடுகளும் காற்றின் ஈரப்பதம் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு கோடு கீழே இறங்கும்போதும், ஈரம் குறைந்ததா, 5 நாள் வறண்ட வானிலை நிலவுகிறதா என்றே பார்க்கிறார்கள். ஆனால் தென் தீபகற்பத்துக்கு வந்ததும் விதி மாறுகிறது. இங்கே அக்டோபர் 1-க்குப் பிறகே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. தென்மேற்குக் காற்றின் ஆட்சி மாறிவிட்டதைக் காற்றோட்ட அமைப்பு காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. மழை நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை.

ஜெய்சல்மேரில் 'விலகியது' என்றால் மழை ஓய்ந்தது என்று பொருள் கொள்ளலாம். பாலக்காட்டிலும் தென்காசியிலும் நாகர்கோவிலிலும் அதே சொல்லுக்குக் காற்றின் திசை மாறியது என்று மட்டுமே பொருள். ஒரே சொல், ஒரே அறிக்கை, இரண்டு பொருள்கள். அறிக்கையைச் செய்தியாக்குவோர் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொடக்கத்துக்கான விதியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஜூனில் கேரளத்தில் பருவமழை தொடங்கியது என்று அறிவிக்க, மினிக்காய், திருவனந்தபுரம், புனலூர், கோழிக்கோடு, மங்களூரு உள்ளிட்ட 14 நிலையங்களில் குறைந்தது 60 விழுக்காட்டில், தொடர்ந்து இரண்டு நாள்கள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பதிவாக வேண்டும். காற்றின் ஆழமும் வேகமும், மேகப் பரவலைக் காட்டும் கதிர்வீச்சு அளவும் அதோடு சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. வருகைக்கு மழைமானி சாட்சி சொல்ல வேண்டும். தெற்கே விலகலுக்கு மழைமானியின் சாட்சி கேட்கப்படுவதில்லை.

வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தை அக்டோபர் 10-க்கு முன் அறிவிப்பதில்லை. தமிழகக் கரையில் தரைமட்டக் கிழக்குக் காற்று நிலைத்து வீச வேண்டும். அந்தக் காற்று ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை ஆழம் கொண்டிருக்க வேண்டும். கடலோரத் தமிழகத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பரவலாக மழை பெய்ய வேண்டும். இயல்பான நாள் அக்டோபர் 20.

ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள்

விலகலும் தொடக்கமும் இத்தனை நெருக்கமான விதிகளால் கட்டுண்டிருப்பதால், பல ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் அறிவிக்கப்படுகின்றன. 2019-இல் வடமேற்கில் விலகல் அக்டோபர் 9 அன்றுதான் தொடங்கியது. அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகப் பிந்திய தொடக்கம் அது. இருந்தும் ஒரே வாரத்தில் கோடு நாடு முழுவதையும் கடந்து, அக்டோபர் 16-இல் தென்மேற்கு விலகியதும் வடகிழக்கு தொடங்கியதும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டன. 2020-இல் அக்டோபர் 28, 2021-இல் அக்டோபர் 25, 2024-இல் அக்டோபர் 15 ஆகிய நாள்களிலும் இப்படியே நடந்தது.

2022 வேறு விதமாக அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 23-இல் தென்மேற்கு விலகியது. வடகிழக்கு தொடங்கியதோ அக்டோபர் 29-இல். இடையில் வங்கக் கடலில் உருவான சித்ராங் புயல் வங்கதேசத்தை நோக்கிச் சென்றது. அப்படி வடக்கே செல்லும் புயல், தீபகற்பத்தின் மேல் கிழக்குக் காற்று நிலைபெறுவதைத் தாமதப்படுத்திவிடும். ஒன்று விலகி மற்றொன்று வராத அத்தகைய இடைவெளி நாள்களில்தான், 'விலகியது' என்ற சொல்லுக்கு மக்கள் கொள்ளும் பொருளும் துறையின் பொருளும் தெற்கே ஓரளவு பொருந்தி வருகின்றன.

கணவாய்களில் திசை மாறும்போது

மலை ஒன்றுதான், காற்றின் திசையைப் பொறுத்து அதன் மழை மறைவு இடம் மாறுகிறது. இதைப் பாலக்காட்டுக் கணவாயைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தென்னிந்தியாவில் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில் திறந்திருக்கும் அந்த வழியாக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் காற்று இந்தப் பக்கம் இந்த வழியாகத்தான் வருகிறது. காற்று வரும் அளவுக்கு மழை வருவதில்லை. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிகளான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகியவை கேரளத்துக்குள் இருந்தும், கேரளத்தின் மற்ற இடங்களைப் போல் தென்மேற்கு மழையில் நனைவதில்லை. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊர்களுக்குத் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையும், பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு வழியாக வரும் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரும் இன்றியமையாதவை.

மலையாளத்தில் வடகிழக்குப் பருவமழையைத் துலாவர்ஷம் என்பது, துலாம் மாதத்தில், அதாவது நம் ஐப்பசியில் வருவதால். தென்மேற்குக்கு இடவப்பாதி என்று பெயர். இடவ மாதத்தின் பாதியில் வருவது. இரண்டு பெயர்களிலும் வருகை மட்டுமே இருக்கிறது, விலகல் இல்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்ற தமிழ் வழக்கும் அப்படியே.

செங்கோட்டைக் கணவாயின் கதை சற்று வேறு. அங்கே தென்மேற்குக் காற்று ஆரியங்காவு வழியே சாரலைக் கொண்டுவருகிறது. குற்றாலத்தின் சீசன் அந்தச் சாரலால் அமைகிறது. ஆனால் தென்காசிச் சமவெளியின் குளங்களை நிரப்புவதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உண்டு. குமரி மாவட்டம் இரண்டு பருவத்திலும் மழை பெறுவதால், அங்கே நெல் சாகுபடியே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவு நடக்கும் நேரமும் தென்மேற்கு விலகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. குமரி உழவரின் காதில் 'விலகியது' என்ற சொல் நடவு நேரத்தில் விழுகிறது.

மாநில அளவில் பார்த்தால் வேறுபாட்டின் அளவு புரியும். தமிழ்நாடு தென்மேற்குப் பருவத்தில் ஏறத்தாழ 330 மி.மீ. மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 440 மி.மீ. மழையும் பெறுவது இயல்பு. கேரளத்தில் இவை முறையே ஏறத்தாழ 2000 மி.மீ., 490 மி.மீ. கேரளத்துக்குச் சிறிய பருவமாகத் தோன்றும் துலாவர்ஷம், அளவில் தமிழ்நாட்டின் பெரிய பருவத்தைவிடக் கூடுதல். மலையாளச் செய்தியில் "காலவர்ஷம் பின்வாங்ஙி" என்று கேட்டு நிம்மதி அடைவதற்கு அந்த எண்ணில் இடமில்லை.

நாள்காட்டி சொல்வது வேறு, காற்று சொல்வது வேறு

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தே வருகிறது. மழையைக் கணக்கெழுதும்போது துறை நாள்காட்டியைப் பின்பற்றுகிறது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை பெய்வது தென்மேற்குக் கணக்கு. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பெய்வது அடுத்த பருவத்தின் கணக்கு. காற்று மாறியதா இல்லையா என்பது இந்தக் கணக்கில் சேராது.

2021 இதற்குத் தெளிவான சான்று. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, அரபிக்கடலில் நிலவிய தாழ்வுப் பகுதியால் கேரளத்தில் பெருமழை பெய்து, கோட்டயம் மாவட்டத்தின் கூட்டிக்கலிலும் இடுக்கி மாவட்டத்தின் கொக்கயாறிலும் நிலச்சரிவுகளில் உயிர்கள் பலியாயின. அன்று தென்மேற்குப் பருவக்காற்று நாட்டிலிருந்து விலகியிருக்கவில்லை. விலகியதாக அறிவிக்கப்பட்டது 9 நாள் கழித்து, அக்டோபர் 25-இல். ஆனாலும் அந்த மழை முழுவதும் அக்டோபர்–டிசம்பர் கணக்கில் ஏறியது. அந்த ஆண்டு கேரளத்தின் அக்டோபர் மழை, 1901-க்குப் பிந்தைய எல்லா அக்டோபர்களையும் விஞ்சியது. "வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகம்" என்று பின்னர் படித்தவர்களில் பலர், அதில் ஒரு பெரும் பகுதி வடகிழக்குக் காற்று தொடங்கும் முன்பே பெய்தது என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

நாட்டளவிலான அறிக்கைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்குப் 'பருவமழைக்குப் பிந்தைய காலம்' என்றே பெயர். வட இந்தியாவுக்கு அது சரி. ஆண்டு மழையில் பாதிக்கு அருகில் அந்த மூன்று மாதங்களில் பெறும் தமிழகத்துக்கு அந்தப் பெயர் எள்ளளவும் பொருந்தாது.

தவறாகப் படித்தால் என்ன ஆகும்?

முதலாவது மின்னல். தென்மேற்குப் பருவத்தின் மழை நீண்டு, சீராக, இடியின்றிப் பெய்வது வழக்கம். காற்று மாறும் காலத்து மழை அப்படியல்ல. காலையில் வானம் வெளுத்திருக்கும். நண்பகல் வெயில் நிலத்தைச் சூடாக்கும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையை ஒட்டி மேலெழுந்து இடிமேகமாகும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்வது இதனால்தான். பருவமழை விலகிவிட்டது என்று நம்பித் தோட்டத்திலோ திடலிலோ மொட்டை மாடியிலோ மாலைவரை நிற்பவர், ஆண்டின் மிக ஆபத்தான இடி நேரங்களில் ஒன்றில் வெளியே நிற்கிறார். காலை வெயிலைப் பார்த்து மாலையைக் கணிப்பது இந்த வாரங்களில் பலிக்காது.

இரண்டாவது பெருவெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தென்மேற்குப் பருவக்காற்று விலகி இரண்டு மாதம் ஆன பிறகு நடந்தது அது. 2017 நவம்பர் 30-இல் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் மீனவர்களைக் கொன்றதும் இதே பருவத்தில்தான்.

மூன்றாவது அணைகள். முல்லைப் பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு இரண்டு பருவத்திலும் மழை பெறுகிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 தீர்ப்பில் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. தேனி மாவட்ட உழவர்கள் அந்த அளவை எட்டும் நாளை எதிர்பார்ப்பதும், வண்டிப்பெரியாறு பக்கத்து மக்கள் அதே உயரத்தைக் கவலையோடு பார்ப்பதும் தென்மேற்கு விலகும் வாரங்களில் உச்சத்துக்குப் போகின்றன. 2021 அக்டோபர் 29-இல் அணையின் உபரிநீர் ஷட்டர்கள் திறக்கப்பட்டபோது, விலகல் அறிவிப்பு வந்து 4 நாள்கள்தான் ஆகியிருந்தன.

எதிர்த்திசையில் தவறாகப் படிப்பதும் உண்டு. விலகிய பிறகு வருவது பெரிய மழைக்காலம் என்பதால், அது எப்படியும் வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2016-இல் வடகிழக்கு தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது அக்டோபர் இறுதியில். தொடக்கம் அறிவிக்கப்பட்டும் மழை பொய்த்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் அந்தப் பருவத்தின் மழை இயல்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, அடுத்த கோடையில் குடிநீர்க் கிணறுகள் வறண்டன. அறிவிப்பு காற்றின் வருகைக்குத் தரும் சான்று. பெய்யப்போகும் மழையின் அளவுக்கு அது உறுதி தருவதில்லை.

வடகிழக்கு எப்போது முடிகிறது?

தென்மேற்கின் விலகலுக்கு வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. நாள்தோறும் அது எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும். வடகிழக்குக்கு அப்படிப்பட்ட கோடு இல்லை. அது பெய்யும் பரப்பு சிறியது. தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உள் கர்நாடகம் என்று ஐந்து உட்பிரிவுகளில் அடங்கிவிடுகிறது. அதன் முடிவை இந்த உட்பிரிவுகளில் மழை ஓய்ந்ததை வைத்தே அறிவிக்கிறார்கள். இங்கேதான் மக்கள் கொள்ளும் பொருளும் துறையின் பொருளும் முழுமையாக ஒன்றாகின்றன.

பாலக்காட்டுக் கணவாயில் அந்த முடிவின் அடையாளம் மழையல்ல, வறண்ட காற்று. விருச்சிகம், தனு மாதங்களில், அதாவது கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து மேற்காகக் கணவாய் வழியே பாயும் அந்தக் காற்றுக்கு விருச்சிகக் காற்று என்று பெயர். முதலமடையின் மாந்தோப்புகள் பூப்பதற்கு அந்த வறட்சியும் குளிரும் வேண்டும். மழை டிசம்பரைத் தாண்டி நீண்டால் பூ பிந்தும், பிடித்த பூவும் அழுகும். 2020-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை, 2021 ஜனவரி 19 அன்றுதான் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பொங்கல் வாரத்து மழையில் காவிரிப் படுகையிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. ஜனவரியில் பெய்த அந்த மழை, நாள்காட்டியின்படி வடகிழக்குக் கணக்கில் சேராமல் குளிர்கால மழையாக எழுதப்பட்டது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணமோ காப்பீடோ கேட்டு விண்ணப்பிக்கும் உழவர்கள், பருவத்தின் பெயரை எழுதுவதோடு நில்லாமல் மழை பெய்த தேதிகளையும் குறிப்பிட்டு எழுதுவது நல்லது.